கயிற்றின் மறுமுனையில் ஒரு நண்பர்

பத்துமலையில் தொடங்கி ஈப்போ, பெர்லிஸ், தியோமான் வரை, மலேசியாவின் பாறைகளைத் தேடி ஒரு கார்ப் பயணம்

1997 மே 23, நண்பகல் வேளை. எவரெஸ்ட் உச்சியில் முதன்முறையாக மலேசியர்கள் கால் பதித்தார்கள். முதலில் எம். மகேந்திரன். சில நிமிடங்கள் கழித்து என். மோகனதாஸ். இருவரும் தமிழர்கள். பனியே விழாத நாட்டிலிருந்து போன இரண்டு பேர் 8,848 மீட்டர் உயரத்தில் மலேசியக் கொடியோடு நின்றார்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான கினாபாலு 4,095 மீட்டர்தான். அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான உயரம் அது.

அந்தச் சாதனைக்குப் பிறகு மலையும் பாறையும் நம் பிள்ளைகளின் விளையாட்டாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுகிறோம். நேர்த்திக்கடன் முடிந்ததும் இறங்கி வந்துவிடுகிறோம். அதே மலையின் இன்னொரு பக்கத்தில் சனி, ஞாயிறு காலைகளில் இளைஞர்கள் இடுப்பில் கயிறு கட்டிப் பாறை ஏறிக்கொண்டிருப்பார்கள். சீனர், மலாய்க்காரர், ஐரோப்பியர் என்று பலரும் இருப்பார்கள். தமிழ் முகங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் பிரிக்பீல்ட்ஸ்காரன். பாறை ஏறுவதில் என் கூட்டாளி கிள்ளான்காரர். ஒரே கயிற்றின் இரு முனைகளில் நாங்கள் பழகிய பழக்கம், நகரத்துப் பயிற்சிச் சுவரிலிருந்து நாட்டின் வட எல்லை வரை எங்களைக் கொண்டுபோனது. அந்தப் பாதையில் என்ன இருக்கிறது, என்ன குறைந்துகொண்டிருக்கிறது என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பத்துமலையின் மறுபக்கம்

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். விடியற்காலையிலேயே தோசையும் தே தாரேக்குமாகப் பசியாறிவிட்டுப் புறப்பட்டால், வெயில் ஏறுவதற்குள் பாறையடிக்குப் போய்விடலாம். கார் இல்லாதவர்களுக்கும் கவலை இல்லை. கே.எல். சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு நேரடி ரயில் 2010 முதல் ஓடுகிறது.

பத்துமலையின் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையானது. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த கிளிஞ்சலும் பவளமும் இறுகிப் பாறையாகி, நிலத்தோடு மேலெழுந்து, மழைநீரில் கரைந்து கரைந்து குகைகளாயின. தெமுவான் பழங்குடியினர் இந்தக் குகைவாய்களில் தங்கியிருக்கிறார்கள். சீனக் குடியேறிகள் உரத்துக்காக வௌவால் எச்சத்தை வெட்டி எடுத்தார்கள். 1878இல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் இங்கே வந்து, பின்னர் எழுதியதும் வெளியுலகம் இந்தக் குகைகளை அறிந்துகொண்டது. குகைவாயில் வேலின் வடிவைக் கண்டு தமிழ் வணிகர் தம்புசாமிப் பிள்ளை இங்கே முருகனை நிறுவினார். 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிறது.

பாறை ஏறுவோர் போகும் இடம் கோயில் இருக்கும் பக்கம் அன்று. குவா டாமாய் குகை இருக்கும் பக்கம், மரங்களுக்கு நடுவே, செங்குத்தான சாம்பல் நிறச் சுவர்கள் நிற்கின்றன. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு பெயர் உண்டு. அவற்றில் ஒன்று 'நியாமுக்', அதாவது கொசு. அங்கே ஒரு மணி நேரம் நின்றவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஏறும் முறை எளிமையானது, ஆனால் கறாரானது. முன்னோடிகள் பாறையில் துளையிட்டு எஃகு போல்ட்டுகளை இறுக்கி வைத்திருக்கிறார்கள். ஏறுபவர் கயிற்றின் ஒரு முனையை இடுப்புக் கச்சையில் எட்டு வடிவ முடிச்சால் கட்டிக்கொள்வார். கையாலும் காலாலும்தான் மேலே போக வேண்டும். கயிறு அவரைத் தூக்கிவிடாது. ஒவ்வொரு போல்ட்டை எட்டியதும் இருபுறமும் கொக்கி வைத்த சிறு பட்டையை அதில் மாட்டி, கயிற்றை அதற்குள் செலுத்துவார். கீழே நிற்பவர் தம் கச்சையில் உள்ள கருவி வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். இந்தக் காவல்தான் பிலே. கடைசியாக மாட்டிய போல்ட்டிலிருந்து இரண்டு மீட்டர் மேலே போனபின் கை நழுவினால், விழும் தூரம் குறைந்தது நான்கு மீட்டர். கயிற்றின் நெகிழ்ச்சி அதோடு சேரும். அந்தக் கணத்தில் கீழே இருப்பவரின் கை கயிற்றை விட்டிருந்தால் விழுபவர் தரைக்குத்தான் வருவார்.

அதனால் ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. நண்பர் என் முன்னால் வந்து நிற்பார். என் கச்சையின் வாரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். முடிச்சின் இழைகளை விரலால் தொட்டுத் தொடர்ந்து எண்ணுவார். நான் அவருடைய பிலே கருவிக்குள் கயிறு சரியான திசையில் போகிறதா, கொக்கியின் பூட்டு திருகியிருக்கிறதா என்று பார்ப்பேன். கயிற்றின் கீழ்முனையில் முடிச்சு போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம். 60 மீட்டர் கயிற்றைக் கொண்டு 30 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து ஆளை இறக்கினால், முனை கருவியை விட்டு நழுவி ஓடிவிடும். உலகெங்கும் அனுபவசாலிகளே இதில் உயிர் விட்டிருக்கிறார்கள்.

"ஏறலாமா?"

"ஏறு. பிடிச்சிருக்கேன்."

இந்த மூன்று சொற்களைக் கேட்காமல் பாறையில் கை வைப்பதில்லை. எத்தனை ஆண்டு ஒன்றாக ஏறியிருந்தாலும் இதில் விதிவிலக்கு கிடையாது.

பிறகு பாறையும் நீங்களும்தான். பத்துமலைச் சுண்ணாம்புக்கல்லில் விரல் நுழையும் துளைகள் இருக்கும். நீர் வழிந்து உருவான தூண் போன்ற புடைப்புகள் இருக்கும். அவற்றை முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொண்டு கைகளுக்கு ஓய்வு தரலாம். அதிகம் பேர் பிடித்த பிடிகள் வழவழத்துப் போயிருக்கும். எவரும் தொடாத இடங்கள் தோலைக் கிழிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை நிமிடத்துக்கு நிமிடம் வியர்க்கும். இடுப்பில் தொங்கும் பையில் கைவிட்டு மெக்னீசியம் கார்பனேட் வெண்பொடியைப் பூசிக்கொண்டே போக வேண்டும். கைவலு மட்டும் இருப்பவர் பாதியில் களைத்துவிடுவார். காலில் எடையை வைக்கத் தெரிந்தவர்தான் மேலே போவார்.

வடக்கே போகும் சாலை

பத்துமலையில் கை பழகியதும் அடுத்த ஆசை வடக்கு. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு - தெற்கு நெடுஞ்சாலை அந்த ஆசைக்குத் தோதானது. கயிறு, கச்சை, தலைக்கவசம், இரண்டு நாள் துணிமணி எல்லாம் காரின் பின்பெட்டியில் அடங்கிவிடும். பெட்ரோலும் டோலும் ஆளுக்குப் பாதி.

தாப்பா தாண்டி, கம்பார் தாண்டி, கோப்பெங்கை நெருங்கும்போது செம்பனைக்கு நடுவிலிருந்து வெள்ளை மலைகள் எழும்பத் தொடங்கும். அதுதான் கிந்தா பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் வெள்ளீயத்தால் உலகறிந்த பகுதி. பாறை ஏறுபவர்களும் குகை ஆய்வாளர்களும் வாரக் கணக்கில் தங்கினாலும் தீராத மலைகள் அங்கே இருக்கின்றன. கோப்பெங்குக்கு அருகே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குவா தெம்புரோங் குகை நெடுஞ்சாலையை ஒட்டியே உள்ளது.

ஈப்போவில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் குனோங் சேரோ மலையடியில் இருக்கிறது. பத்துமலைக்குப் போக முடியாத பேராக் பக்தர்களுக்குத் தைப்பூசம் அங்கேதான். 1926இல் தொடங்கிய பேராக் தோங் சீனக் குகைக் கோயிலும் ஈப்போவில்தான் இருக்கிறது. இந்த மலைகளில் எல்லா இனத்தாரும் தெய்வத்தைக் கண்டிருக்கிறார்கள்.

மலையின் மறுமுகத்தையும் ஈப்போ கண்டிருக்கிறது. 1973 அக்டோபரில் குனோங் சேரோவிலிருந்து பெரும் பாறை சரிந்து விழுந்து அடிவாரக் குடியிருப்பை நசுக்கியதில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். சுண்ணாம்பு மலை பார்க்க உறுதியாக இருக்கும். உள்ளே நீர் அரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பாறையடியில் கயிறு பிடித்து நிற்பவரும் தலைக்கவசம் அணிகிறார். மழை விட்ட மறுநாள் ஏறுவதற்கு முன் பாறையைத் தட்டி ஓசை கேட்கிறோம். வெற்றொலி வந்தால் அந்தப் பிடியில் எடை வைப்பதில்லை.

தம்பூனில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. 1959இல் அந்தப் பகுதிக்கு வந்த கூர்க்கா படைப்பிரிவினர் மலைச்சுவரில் செந்நிற ஓவியங்களைக் கண்டார்கள். மனித உருவங்கள், விலங்குகள், கோலங்கள் என்று நூற்றுக்கணக்கில் இரும்புத்தாதுச் சாயத்தில் வரையப்பட்டவை. தரையில் நின்றால் கைக்கெட்டாத உயரத்திலும் அவை இருக்கின்றன. யாரோ ஏறியிருக்கிறார்கள். அவர்கள் கால் வைத்த இடம் எதுவாக இருக்கும் என்றுதான் பாறை ஏறும் கண் முதலில் தேடுகிறது. ஓவியம் உள்ள சுவரில் கயிறு போடுவது கூடாது. எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கிருந்து இன்னும் வடக்கே, 2012 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக உள்ள லெங்கோங் பள்ளத்தாக்கின் ஒரு குகையில்தான், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட 'பேராக் மனிதனின்' எலும்புக்கூடு கிடைத்தது.

கரைந்துபோகும் மலைகள்

சிம்பாங் பூலாய் பக்கம் காரில் போகும் எவரும் ஒரு காட்சியைத் தவறவிட முடியாது. மலையின் ஒரு பாதி பச்சை. மறுபாதி தோலுரிந்த வெள்ளை. அடியில் லாரிகள் வரிசையாக நிற்கும். சிமெண்டுக்கும் சாலைக்கும் பளிங்குத் தரைக்கும் பெயிண்டுக்கும் பற்பசைக்கும் இந்தக் கல் போகிறது. இவற்றில் ஒன்றையாவது பயன்படுத்தாத வீடு நாட்டில் இல்லை. வீடு கட்டக் கல் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. எந்த மலையை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்ற கணக்கு வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

ஒவ்வொரு சுண்ணாம்பு மலையும் தனித் தீவு. சுண்ணாம்புக்கல்லில் மட்டுமே வாழும் நத்தைகள் அடுத்த மலைக்கு நகர முடியாது. இடையில் உள்ள மண் அவற்றுக்குக் கடல். அதனால் மலைக்கு மலை தனி இனங்கள் உருவாகியிருக்கின்றன. பஹாங்கின் புக்கிட் பஞ்சிங் மலை கல்லுக்காக உடைக்கப்பட்டது. அங்கே மட்டும் வாழ்ந்த ஒரு நத்தையினம் பூமியிலிருந்தே போய்விட்டது. ஈப்போவுக்கு வடக்கே செம்மோர் அருகிலுள்ள குனோங் கந்தானில் அறிவியலாளர்கள் புதிதாக ஒரு நத்தையினத்தைக் கண்டறிந்தார்கள். அந்த மலையில் அப்போது கல் வெட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் நிறுவனமான லஃபார்ஜின் பெயரையே 2014இல் அதற்குச் சூட்டினார்கள். அதன் உயிர் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதை ஊரறியச் சொல்வதற்குத்தான்.

பத்துமலையும் இந்த ஆபத்தைக் கண்டதுதான். 1980களின் தொடக்கம் வரை அதன் ஓரங்களில் கல் உடைத்தார்கள். அது நின்றதால்தான் இன்று நாம் கோயிலுக்கும் பாறைக்கும் போக முடிகிறது. அங்குள்ள இருட்டுக் குகையில் பழமையான சிலந்தியினம் ஒன்று வாழ்கிறது. 2012இல் மலையை ஒட்டி 29 மாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் வந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் நின்றது. குரல் கொடுத்தால் மலை தப்பும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று அது.

மலையைக் காரிலிருந்து பார்ப்பவருக்கு அது பின்னணிக் காட்சி. கையால் தொட்டு ஏறியவருக்கு அதன் ஒவ்வொரு பிடியும் தெரிந்த இடம். பாறை ஏறக் கற்றுக்கொள்ளச் சொல்வதற்கு உடற்பயிற்சி ஒரு காரணம். இந்த உறவு அதைவிடப் பெரிய காரணம்.

எல்லைப்புற மாநிலமும் கடல் நடுவே ஒரு கருங்கல்லும்

அலோர் ஸ்டார் தாண்டிப் பெர்லிஸுக்குள் நுழைந்தால் நெல்வயல். வயலின் ஓரத்திலிருந்து திடீரென்று எழும் சுண்ணாம்புச் சுவர்கள். புக்கிட் கெத்தேரி என்ற மலை வடமாநிலங்களின் பாறை ஏறுவோருக்குத் தாய்வீடு. நகர இரைச்சல் கிடையாது. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் காலடியில் வயல்கள் விரிந்து கிடக்கும். ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கே மழை குறைவு என்பதால் பாறை காய்ந்திருக்கும். ஏப்ரலுக்கு மேல் போனால் ஹாருமானிஸ் மாம்பழம் கிடைக்கும்.

அங்கிருந்து எல்லை தாண்டினால் தாய்லாந்து. உலகமே தேடிவரும் கிராபி கடற்பாறைகள் காரில் ஒரு நாளைக்குள் எட்டும் தொலைவுதான். கடற்காற்றில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள்கூட உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு முறிந்ததால், கிராபியில் டைட்டானியம் போல்ட்டுகளுக்கு மாறினார்கள். வெப்பமண்டல நாட்டில் பாறை ஏறுபவர் எவரும் மறக்கக்கூடாத பாடம் இது. போல்ட் பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக்கூடாது. யார் போட்டது, எப்போது போட்டது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு திசை தென்கிழக்கு. மெர்சிங் வரை காரில் போய், படகேறினால் தியோமான் தீவு. அதன் தென்முனையில் மூக்குட் கிராமத்துக்கு மேலே புக்கிட் நெனெக் செமுக்குட் எனும் இரட்டைக் கொம்புகள் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் காட்டுக்கு மேல் நிற்கின்றன. இது சுண்ணாம்புக்கல் அன்று, கருங்கல். துளைகளும் தொங்கும் புடைப்புகளும் கிடையாது. வெடிப்புக்குள் கையை நுழைத்து முறுக்கி இறுக்க வேண்டும். இல்லையென்றால் காலணி ரப்பரின் உராய்வை மட்டும் நம்பிப் பலகை போன்ற சாய்வில் நடக்க வேண்டும். போல்ட் வரிசையாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு அங்கே போகக்கூடாது. நாள் முழுக்க, சில வேளை இரவும் சுவரிலேயே கழியும். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் படகே நின்றுவிடும்.

இத்தகைய பெருஞ்சுவர்களில்தான் கூட்டாளியின் அருமை முழுதாகத் தெரியும். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 900 மீட்டர் உயர எல் கேப்பிட்டன் பாறையின் 'டான் வால்' தடத்தை 2015 ஜனவரி 14 அன்று டாமி கால்ட்வெல்லும் கெவின் ஜோர்ஜெசனும் ஏறி முடித்தார்கள். சுவரிலேயே 19 நாட்கள். கால்ட்வெல்லுக்கு இடது ஆள்காட்டி விரலில் ஒரு பகுதி இல்லை. நடுவழியில் ஜோர்ஜெசன் ஒரே இடத்தில் பல நாட்கள் விழுந்துகொண்டே இருந்தார். விரல் தோல் பிய்ந்துபோயிருந்தது. கடினமான பகுதிகளைத் தாண்டிவிட்ட கால்ட்வெல் தனியாக உச்சிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நண்பருக்குக் கயிறு பிடித்துக் காத்திருந்தார். இருவரும் சேர்ந்தே உச்சியில் நின்றார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

தோழமை என்பதைப் பேச்சில் கற்பிக்க முடியாது. தன் நண்பனின் உயிர் தன் கையில் இருக்கிறது என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உணரும் விளையாட்டுகள் அதிகம் இல்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கயிறு பிடிக்க முடியாது. கோபத்தோடும் பிடிக்க முடியாது. நண்பன் மேலே பயந்து நடுங்கும்போது கேலி செய்யாமல், "அவசரமில்ல, கால பாத்து வை" என்று சொல்லும் பக்குவம் தானாக வரும். உயரத்தில் நின்று பயத்தை ஒப்புக்கொள்வதும், அதோடேயே அடுத்த அடி வைப்பதும் ஆண், பெண் இருபாலாருக்கும் வேண்டிய பயிற்சி. எடை குறைவாகவும் உடல் நெகிழ்வாகவும் இருக்கும் பெண் பிள்ளைகள் இதில் சீக்கிரம் தேறுவதைப் பார்க்கிறேன்.

பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதற்கு விடை முறையான பயிற்சி. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளரங்கப் பயிற்சிச் சுவர்களுக்குப் பஞ்சமில்லை. பண்டார் உத்தாமாவில் கேம்ப் ஃபைவ் 2005 முதல் இயங்கிவருகிறது. வேறு கூடங்களும் வந்துவிட்டன. காலணி, கச்சை வாடகைக்குக் கிடைக்கும். பிலே பயிற்சி முடித்துச் சோதனையில் தேறிய பின்னரே மற்றவருக்குக் கயிறு பிடிக்க விடுவார்கள். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் பாறை ஏற்றம் முதன்முறையாக இடம்பெற்றது. பாரிஸிலும் தொடர்ந்தது. பள்ளிகளும் இளைஞர் இயக்கங்களும் தயங்குவதற்கு இனிக் காரணம் இல்லை.

ஆகவே வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். நம்பிக்கையான ஒரு நண்பரோடு சேர்ந்து முதலில் கூடத்தில் கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏறுவது அதற்குப் பிறகு. பத்துமலைப் பாறைக்கு முதல்முறை போகும்போது அனுபவமுள்ளவர்களோடு போங்கள். போட்ட குப்பையையும் கண்ட குப்பையையும் எடுத்துக்கொண்டு திரும்புங்கள். உங்கள் ஊரில் ஒரு சுண்ணாம்பு மலை உடைக்கப்படப் போகிறது என்று கேள்விப்பட்டால், சட்டமன்ற உறுப்பினருக்கு அன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். உடைத்த மலையை எந்த அரசாங்கத்தாலும் திருப்பிக் கட்ட முடியாது.